நிஹாரியில் விழுந்த அவரைக்கொட்டை

ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு ஒரு குழம்பு வைக்க வேண்டும். எனக்கு இருந்த வேலை அவ்வளவுதான்.

என் மனைவி மஞ்சுளா மைசூரில் ஒரு கார்மெண்ட்ஸில் தையல் லைன் சூப்பர்வைசர். அவளை முழுத் தளத்துக்கும் பொறுப்பாக்கலாம் என்று மேலே முடிவு செய்திருந்தார்கள். அதற்கு முன்னால் ஒரு மாதம் பெங்களூரில் பயிற்சி. போக வேண்டும் என்று அவளுக்கு ஆசை. கேட்டால் இல்லை என்பாள்.

தடை இரண்டு. முதலாவது, ஹனூர் பக்கம் ராமாபுரத்தில் விவசாயம் பார்க்கிற அவளுடைய அண்ணன். "நீ போயிட்டா மாப்ள சோத்துக்கு என்ன பண்ணுவாரு?" என்று போனில் கேட்டுவிட்டார். இரண்டாவது தடை அந்தக் கேள்விக்கான பதில். அதாவது நான்.

"வெந்நி வெக்கத் தெரியுமுங்களா உங்களுக்கு?" என்று கேட்டாள் மஞ்சுளா.

"அடுப்புல வெச்சா அதுவா கொதிக்குது. அதுல தெரிஞ்சுக்க என்ன இருக்கு?"

அவள் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ஒரு வேளை. ஒரே ஒரு வேளை, யார் கையும் படாம நீங்களா சமைச்சுப் போடுங்க. வாயில வெக்கற மாதிரி இருந்தாப் பொட்டியக் கட்டறேன். இல்லாட்டி திங்கக்கெழம போயி வேண்டாம்னு சொல்லிடறேன்."

ஒப்புக்கொண்டேன். எனக்கு ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனை வேலை. அடுத்தவர் செய்துகொண்டு வருவதில் நூலளவு பிசகினாலும் சிவப்புச் சீட்டைக் கட்டித் திருப்பி அனுப்பிவிடுவேன். காலமெல்லாம் குறை கண்டுபிடித்தவனுக்கு ஒரு குழம்பு வைப்பது பெரிய விஷயமா என்று நினைத்தேன். நினைத்ததை வெளியே சொல்லவில்லை. அந்த வாரத்தில் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம் அது.

எந்தக் குழம்பு என்பதில்தான் மூளையைச் செலவழித்தேன்.

சாம்பார் வைத்தால் ஆபத்து. வீட்டில் எல்லோருக்கும் சாம்பார் எப்படி இருக்க வேண்டும் என்று தெரியும். ரசமும் அப்படியே. புளி தூக்கல், பருப்பு வேகவில்லை என்று ஆளாளுக்கு ஆரம்பிப்பார்கள். ஆனால் யாருமே சாப்பிட்டிராத ஒரு குழம்பை வைத்தால்? எப்படி இருக்க வேண்டும் என்று தெரியாதவர்கள் அதில் எந்தக் குறையைச் சொல்வார்கள்? அளவுகோல் இல்லாத இடத்தில் சிவப்புச் சீட்டு கிடையாது. இது என் தொழில் ரகசியம்.

போனில் தேடினேன். ஒரு வீடியோவில், கராச்சியில் ஓர் அம்மா நிஹாரி செய்துகொண்டிருந்தார். ஆட்டு நல்லியை மசாலாவோடு சிறு தீயில் மணிக்கணக்காக வேகவிட்டு, கடைசியில் கோதுமை மாவைக் கரைத்து ஊற்றிக் கெட்டியாக்குகிற குழம்பு. நிதானமான அம்மா. அவரைப் பார்த்துச் செய்தால் யாரும் தோற்க மாட்டார்கள் என்று தோன்றியது.

விஷயத்தை வீட்டில் அறிவித்தேன்.

"பாகிஸ்தான் கொழம்பா? பேடப்பா, சும்னே ரிஸ்க்கு" என்றாள் மகள் திவ்யா. கல்லூரியில் படிக்கிறாள். அவளுக்கு வாயைத் திறந்தால் கன்னடம்தான் முதலில் வரும். வேண்டாம்ப்பா, வீண் ரிஸ்க் என்கிறாள். "ஒரு சித்ரான்னா பண்ணுங்க. அம்மா ஊருக்குப் போகட்டும்."

"சித்ரான்னம் எல்லாரும் பண்றதுதானே."

"அதுக்குத்தான் சொல்றேன்."

மஞ்சுளா ஒன்றே ஒன்று சொன்னாள். "என்ன கருமத்தையாவது பண்ணுங்க. ஆனா வேகற கொழம்ப நாக்குல மட்டும் வெக்காதீங்க. எச்சப் பண்ணக் கூடாது."

இது அவள் பிறந்த வீட்டு வழக்கம். இலையில் பரிமாறுகிற வரைக்கும் யாரும் ருசி பார்க்கக் கூடாது. எல்லாமே வாசனைதான். உப்பு குறைந்தால்கூட மஞ்சுளா நின்ற இடத்திலிருந்து மூக்கால் சொல்லிவிடுவாள். கல்யாணமான புதிதில் நான் இதை நம்பவில்லை. பிறகு சாப்பிட்டு நம்பினேன். சமையலில் எனக்குத் தெரிந்த ஒரே விதியும் அதுதான். அதைக் கடைசிவரை காப்பாற்றினேன் என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

சனிக்கிழமை ஷிஃப்ட் முடிந்ததும் நயாஸைக் கூட்டிக்கொண்டு மண்டி மொஹல்லா போனேன். நயாஸ் என்னோடு வேலை பார்க்கிறவன். அவன் வீடும் அங்கேதான். ஆட்டோவுக்கும் ஆட்டோவுக்கும் நடுவில் நுழைந்து நடந்துகொண்டே விஷயத்தைச் சொன்னேன்.

"நிஹாரியா? சரி. அதுக்கு நான் எதுக்கு குரு?"

"உனக்குத் தெரியும்ல."

நயாஸ் நின்றுவிட்டான். பின்னால் வந்த ஸ்கூட்டர் ஹாரன் அடித்தது.

"எனக்கெப்படித் தெரியும்? எங்கப்பா மைசூரு. எங்கப்பாவோட அப்பா மைசூரு. நான் பெங்களூரத் தாண்டினதே ரெண்டு தடவதான். ஏன் குரு, உனக்குச் சிங்கப்பூர்ல தமிழ்க்காரங்க என்ன தின்றாங்கன்னு தெரியுமா?"

தெரியாது என்றேன்.

"அதே மாதிரிதான். எங்க வீட்ல ஞாயித்துக்கெழமையானா ராகி முத்தே, மட்டன் சாரு. வேணும்னா அதச் சொல்லித் தரேன்."

வேண்டாம் என்றேன். களியும் கறிக்குழம்பும் எல்லோருக்கும் தெரிந்தவை.

மசாலா கடையில் சாமான்களைச் சொன்னேன். சுக்கு, திப்பிலி, ஜாதிபத்திரி, சோம்பு. கடைக்காரர் எடுத்து வைத்தபடியே, "கெம்மா சார்?" என்று கன்னடத்தில் கேட்டார். இருமலா என்று கேட்கிறார்.

"இல்லிங்க. குழம்புக்கு."

அவர் நயாஸைப் பார்த்தார். நயாஸ் வேறு பக்கம் பார்த்தான்.

"சுக்கையும் திப்பிலியையும் பொடி பண்ணித் தேன்ல கொழச்சுக் குடுங்க, நெஞ்சுச் சளி அத்துப் போகும்" என்று பொட்டலத்தைக் கொடுத்தார். குழம்பு என்று நான் சொன்னதை அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

நல்லி எலும்பும் வாங்கினோம். திரும்பும்போது, வீடியோவில் எனக்குப் புரியாமல் போன ஒரு இடத்தை நயாஸிடம் போட்டுக் காட்டினேன். உப்பைப் பற்றிச் சொல்லும்போது அந்த அம்மா அளவு சொல்லாமல் ஏதோ சொல்லிவிட்டுப் போகிறார்.

"ருசிக்குத் தகுந்த மாதிரின்னு சொல்றாங்க. போட்டு, வாயில வெச்சுப் பாத்து, பத்தலைன்னா இன்னும் போடு."

எங்கள் வீட்டில் வாயில் வைக்கக் கூடாதே. இது சிக்கலான இடம் என்று புரிந்தது. உப்பு விஷயத்தைக் கடைசியில் யோசித்துக்கொள்ளலாம் என்று தள்ளி வைத்தேன்.

"நாளைக்கு நீதான் நடுவர். சாப்பாட்டுக்கு வந்துடு" என்றேன்.

"குல்ச்சா ரொட்டி வாங்கிட்டு வரேன்" என்றான் நயாஸ். "அது மட்டுமாவது நல்லா இருக்கட்டும்."

ஞாயிறு விடிந்ததும் தொடங்கிவிட்டேன். வெங்காயத்தைப் பொன்னிறமாக வறுக்கச் சொன்னார் கராச்சி அம்மா. முதல் ஈடு பொன்னிறத்தைத் தாண்டிப் போய்விட்டது. இரண்டாவது ஈட்டில் கண்ணில் நீர் நிறைந்து நிறமே தெரியவில்லை. மூன்றாவதை நன்றாக வந்ததாக எடுத்துக்கொண்டேன். நல்லியைப் போட்டு, மசாலாவைப் போட்டு, தண்ணீர் ஊற்றி, தீயைக் குறைத்து மூடினேன். அடிக்கடி திறக்கக் கூடாது என்று அந்த அம்மா சொல்லியிருந்தார்.

பிறகு ஒரு ஸ்டூலைச் சமையலறை வாசலில் போட்டு உட்கார்ந்தேன். யார் கையும் படக் கூடாது அல்லவா.

மஞ்சுளா கூடத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். மூக்கு மட்டும் அவ்வப்போது இந்தப் பக்கம் திரும்பியது.

"ஏனுங்க, மொட்ட மாடியில மொளகா காயுது. ஒருக்கா கிளறி உட்டுட்டு வந்துருங்க."

போனேன். மிளகாயைக் கிளறிக்கொண்டிருக்கும்போது கீழே மிக்ஸி ஓடுகிற சத்தம் கேட்டது. கீழ் வீட்டில் சட்னி அரைக்கிறார்கள் என்று நினைத்தேன்.

திரும்பி வந்தால் வாசனை மாறியிருந்தது. ஒரு மாதிரி எண்ணெய்ப்பசையான, பழகிய வாசனை. நல்லியிலிருந்து மஜ்ஜை இறங்கினால் இப்படித்தான் மணக்கும் போலிருக்கிறது என்று திருப்தியோடு உட்கார்ந்தேன். மஞ்சுளா அதே கீரையை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

பத்து மணி வாக்கில் ராமாபுரத்திலிருந்து மச்சான் வந்தார். தோளில் ஒரு பை. தோட்டத்து அவரைக்காய். கொஞ்சத்தை உரித்துக் கொட்டையாகவே கொண்டு வந்திருந்தார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஸ்டூலில் இருந்த என்னைப் பார்த்துவிட்டார்.

"என்னுங் மாப்ள, காவலா?"

"ஆமாங்க மச்சான். சமையல்."

"சமையல்னா உள்ளாறதான செய்யோணும்?"

"இது தானா வேகறதுங்க."

"அது செரி" என்றார். உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். மஞ்சுளாவின் பயிற்சியைப் பற்றி வாயே திறக்கவில்லை. இடுப்பிலிருந்த வெற்றிலைப் பையைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார். "மாப்ள, வெத்தல தீந்து போச்சு. முக்குக் கடையில ஒரு கவுளி வாங்கியாறீங்களா? நம்ம மைசூரு வெத்தலயா இருக்கோணும்."

ஞாயிற்றுக்கிழமை முக்குக் கடை மூடியிருந்தது. அடுத்த தெருவரை நடந்தேன். வெற்றிலையோடு வந்து மூடியைத் தூக்கிப் பார்த்தேன். குழம்பின் மட்டம் ஏறியிருந்தது. வேக வேகக் குறையும் என்றல்லவா அந்த அம்மா சொன்னார்? மைசூர்த் தண்ணீருக்கு இப்படி ஒரு குணம் போல என்று மூடிவிட்டேன்.

மச்சான் வெற்றிலையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். போடவில்லை.

அடுத்து திவ்யா. "அப்பா, ஸ்கூட்டி ஸ்டார்ட் ஆகமாட்டேங்குது. கொஞ்சம் பாக்கறீங்களா?"

கீழே போய் ஒரு உதை விட்டேன். உடனே ஸ்டார்ட் ஆகிவிட்டது. வண்டியில் ஒரு கோளாறும் இல்லை. இந்த விஷயத்தில் எனக்கு ஏதோ கைராசி இருக்கிறது என்ற எண்ணத்தோடு மேலே ஏறினேன். குழம்பில் லேசான இனிப்பு வாசனை சேர்ந்திருந்தது. பட்டையும் ஜாதிபத்திரியும் கடைசியில் இப்படி இனிக்கும் போல. நிஹாரி படிப்படியாகத்தான் தன்னைக் காட்டுகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மாவு கரைக்கிற நேரம் வந்தது. கோதுமை மாவு டப்பாவைத் திறந்தால் காலி. பக்கத்து டப்பாவில் ராகி மாவு நிறைய இருந்தது. எங்கள் வீட்டில் அது எப்போதும் நிறைய இருக்கும். மாவு மாவுதானே. கரைத்து ஊற்றினேன். குழம்பு கெட்டியாகி, கறுத்து, வீடியோவில் பார்த்த அதே நிறத்துக்கு வந்துவிட்டது. எனக்கு உடம்பு சிலிர்த்தது.

அந்தச் சிலிர்ப்பிலேயே அடுப்பை அணைத்தேன்.

நயாஸ் குல்ச்சாவோடு வந்து சேர்ந்தான். எல்லோரும் கூடத்தில் வட்டமாக உட்கார்ந்தோம். நடுவருக்கு முதலில் பரிமாறினேன். மேலே இஞ்சியை மெலிசாகச் சீவிப் போட்டு, எலுமிச்சைத் துண்டும் வைத்தேன். மஞ்சுளா சாப்பிடத் தொடங்காமல் நயாஸின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். மச்சான் கூரையைப் பார்த்தார்.

நயாஸ் குல்ச்சாவைப் பிய்த்துத் தோய்த்து வாயில் வைத்தான். மென்றான். நெடுநேரம் மென்றான்.

"கலர் கரெக்ட் குரு" என்றான்.

"அப்புறம்?"

அவன் விரலால் குழம்பைத் துழாவி எதையோ எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தான். பச்சையாக, கொழுகொழுவென்று இருந்தது. இன்னொன்றையும் எடுத்து அதன் பக்கத்தில் வைத்தான்.

"கராச்சியில அவரைக்காய் வெளையுதா?"

வட்டத்தில் இருந்த எல்லோருடைய பார்வையும் வாசலோரம் கிடந்த பைக்குப் போய், அங்கிருந்து மச்சானுக்கு வந்தது.

மச்சான் தொண்டையைக் கனைத்தார். "எட்டிப் பாத்தனுங் மாப்ள. எலும்புதான் இருந்துச்சு, கறியக் காணோம். விருந்தாளி வேற வர்றாரு. ஒரு ரெண்டு கை அள்ளிப் போட்டேன்."

"வெத்தல?"

"அது இருந்துச்சு."

"மச்சான், நீங்கதான மாப்ள சோத்துக்கு என்ன பண்ணுவாருன்னு போன்ல கேட்டீங்க?"

"கேட்டேன். அது கேள்விங் மாப்ள. போவாதன்னு நான் எங்க சொன்னேன்? நீங்க தோத்து, இவ வேலைய வேண்டாம்னு சொல்லிப்புட்டா, அந்தப் பழி எனக்கெதுக்குங்?" பிறகு சேர்த்துக்கொண்டார். "நான் ஒருத்தன் மட்டும் இல்லீங். மூடியத் தொறந்தப்பவே தேங்கா வாசம் அடிச்சுது."

"அண்ணா" என்றாள் மஞ்சுளா.

"அடிச்சுதா இல்லியா?"

மஞ்சுளா தட்டைப் பார்த்தபடி சொன்னாள். "வெறும் சுக்குக் கஷாய வாசம் வந்துது. எம் மனசு கேக்குல. கொஞ்சம் தேங்காயும் மல்லியும் அரைச்சு ஊத்துனேன்."

மொட்டை மாடியில் கேட்ட சட்னி ஞாபகம் வந்தது.

"யார் கையும் படக் கூடாதுன்னது நீதான?"

"நாந்தான். அதுக்காக, பெங்களூரு போறத உங்க கஷாயத்த நம்பி உட முடியுமுங்களா?"

இதைக் கேட்டுத்தான் எனக்குப் புரிந்தது. நான் தோற்றுவிடக் கூடாது என்று அந்த வீட்டில் என்னைவிட அதிகமாகக் கவலைப்பட்டவள் அவள்.

திவ்யா தானாகவே கையைத் தூக்கினாள். "நான் ஒரு துண்டு வெல்லம் போட்டேன். என் ஃபிரெண்ட் வீட்ல எல்லா சாருக்கும் போடுவாங்க. அம்மா போகணும்ல, அதான்."

"ஸ்கூட்டி?"

"அது சென்னாகிதே" என்றாள். நன்றாக இருக்கிறதாம்.

என் முறை. "கோதுமை மாவு இல்ல. ராகி மாவு கரைச்சு ஊத்தினேன்."

நயாஸ் தலையாட்டினான். "அவரைக்காய், தேங்காய், வெல்லம், ராகி. குரு, நேத்து நான் சொல்லித் தரேன்னு சொன்னேனே மட்டன் சாரு, அதுதான் இது. மேலாகப் பாத்தா நிஹாரி. உள்ள போனா ஹனூரு." கொஞ்சம் தயங்கினான். "எல்லாம் சரி. ஒண்ணு கேக்கணும். உப்பு யாரு போட்டீங்க?"

மச்சான் மஞ்சுளாவைப் பார்த்தார். மஞ்சுளா திவ்யாவைப் பார்த்தாள். திவ்யா என்னைப் பார்த்தாள். நான் கடைசியில் யோசித்துக்கொள்ளலாம் என்று தள்ளி வைத்த விஷயம் அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"நாலு பேரு கை வெச்சிருக்கோம்" என்றார் மச்சான் மெதுவாக. "ஒருத்தனும் உப்புப் போடலியா?"

"அம்மா, உனக்கு வாசனையிலயே தெரியுமே?" என்றாள் திவ்யா.

"தெரிஞ்சுதுடி" என்றாள் மஞ்சுளா. "உப்பில்லாத வாசந்தான் வந்துது. ஆனா உப்புக்கூடப் போடாம ஒரு மனுசன் சமைப்பாருன்னு நெனைக்க முடியுல. கண்ணாலம் ஆனதுலருந்து மொத தடவையா எம் மூக்க உட்டுப்போட்டு உங்கள நம்புனேன்."

நயாஸ் சிரித்ததில் குல்ச்சா புரைக்கேறியது. மச்சான் அவன் தலையில் தட்டினார்.

மஞ்சுளா எழுந்து போய் உப்பு ஜாடியை எடுத்து வந்தாள். எல்லோர் தட்டிலும் கொஞ்சம் தூவினாள். பிசைந்து வாயில் வைத்தோம். சாப்பிட்டுக்கொண்டே இருந்தோம். மச்சான் இரண்டாவது முறை கேட்டு வாங்கினார். நயாஸ் குல்ச்சாவை ஒதுக்கிவிட்டுச் சோறு இருக்கிறதா என்றான்.

பாத்திரம் காலியான பிறகு மஞ்சுளா என் பக்கம் திரும்பினாள்.

"இந்த மாதிரி ஒண்ணு உங்க ஃபேக்டரிக்கு வந்தா என்ன பண்ணுவீங்க?"

பொய் சொல்ல முடியவில்லை. "சிவப்புச் சீட்டு. திருப்பி அனுப்பிடுவேன்."

திவ்யா தட்டில் விரலால் கோடு போட்டாள். திங்கட்கிழமை மஞ்சுளா ஆபீஸில் என்ன சொல்லப்போகிறாள் என்பது முடிவாகிவிட்டதுபோல் இருந்தது.

"எங்க லைன்ல அப்படி இல்லீங்க" என்றாள் மஞ்சுளா. "தையல் கோணலா வந்தா யாரும் துணியத் தூக்கி வீசறதில்ல. அதுக்குப் பேரு ஆல்டர் பீஸு. பிரிச்சு மறுக்காத் தைச்சா ஆயிப்போச்சு." தட்டுகளை அடுக்கிக்கொண்டே எழுந்தாள். "பரண்ல இருந்து அந்தப் பெரிய பொட்டிய எறக்குங்க. தூசு தட்டோணும்."

மச்சான் மடியிலிருந்த வெற்றிலையை எடுத்து, முதல் முறையாக, போட்டுக்கொண்டார்.

மஞ்சுளா இப்போது பெங்களூரில் இருக்கிறாள். தினமும் மதியம் சாப்பாட்டு இடைவேளையில் போன் வரும். எப்படி இருக்கிறீர்கள் என்றெல்லாம் கேட்பதில்லை. "உப்பு?" என்பாள். "போட்டாச்சு" என்று சொல்ல வேண்டும்.

முதல் நாள் நானும் திவ்யாவும் ஒரே நேரத்தில் சொன்னோம். இரண்டு பேருமே போட்டிருந்தோம். அன்றைக்குச் சாம்பாரைத் தொடாமல் தயிர்ச்சோறு சாப்பிட்டோம்.